நம்மை ஊமையாக்கிய நல்ல படங்கள்

1968 மே மாதம் பிரான்சில் கான் திரைப்பட விழாவை நடக்கவிடாமல் நிறுத்தினார்கள் கோதாரும் த்ரூஃபோவும் அவர்களுடைய தோழர்களும். தெருவில் மாணவர்களும் தொழிலாளர்களும் போராடிக் கொண்டிருக்கும்போது உள்ளே உட்கார்ந்து படம் பார்ப்பது என்ன நியாயம் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அதே வருஷம் டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலி கேட்டுச் சங்கம் சேர்ந்ததுதான் குற்றம். அங்கே நிறுத்துவதற்குத் திரைப்பட விழா எதுவும் இல்லை. காமிராவும் இல்லை.

சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் முதல் 1968ஐ எழுதுவார்கள். இரண்டாவது 1968ஐ எழுத மாட்டார்கள். நமக்கு இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நாமும் வளர்ந்தோம். 'உலக சினிமா', 'மாற்று சினிமா', 'கலகக் காலத்துச் செவ்வியல்' என்று சொல்லிச் சொல்லி அவற்றுக்கு ஒரு கருவறை கட்டியாயிற்று. கருவறை என்றால் நமக்குத் தெரியும், வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். நான் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்கிறேன்.

அமெரிக்காவிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1969இல் வந்த 'ஈஸி ரைடர்', டென்னிஸ் ஹாப்பர் இயக்கிய படம். இரண்டு இளைஞர்கள் மோட்டார் பைக்கில் தேசத்தைக் குறுக்கே கடக்கிறார்கள். கஞ்சா, ராக் இசை, தலைமயிர், சுதந்திரம். கடைசியில் ரோட்டில் போகிற லாரிக்காரன் சுட்டுத் தள்ளிவிட்டுப் போகிறான். சின்ன பட்ஜெட்டில் எடுத்த அந்தப் படம் ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் கணக்கையே மாற்றியது. செட் இல்லை, நிஜமான ரோடு, நிஜமான வெயில், தெருவில் போகிற நிஜமான முகங்கள். இதெல்லாம் பெரிய உடைப்புதான், மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டு பேரும் எதை விட்டு வெளியேறுகிறார்கள்? வீடு, வேலை, சர்ச், கல்யாணம், அந்தஸ்து. இருக்கிறவன்தான் விட்டுவிட்டுப் போக முடியும். எதிர்க்கலாச்சாரம் என்பது உள்ளே இருப்பவன் வெளியே போகிற கதை. நம்ம கதை வேறு. ஊருக்குள்ளேயே விடாதவன் எங்கிருந்து வெளியேறுவான்? ரோடு அவர்களுக்குச் சுதந்திரம். நமக்கு ரோடு என்பது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டிய மேலத்தெரு. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய இடம். அந்தத் தெருவில் சைக்கிளை மிதித்துப் போனாலே அது புரட்சி. மோட்டார் பைக்கெல்லாம் வேண்டாம்.

*

நம்ம நாட்டுப் 'புதிய அலை'யும் 1969லிருந்துதான் கணக்கு. மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', அரசாங்கத்தின் ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் கொடுத்த கடனில் எடுத்தது. அடுத்த வருஷம் கன்னடத்தில் 'சம்ஸ்காரா'. சென்னைத் தணிக்கைக் குழு முதலில் தடை போட்டு, பிறகு வெளியாகி, தேசிய விருதும் வாங்கியது. 1974இல் ஷியாம் பெனகலின் 'அங்குர்'. 1975இல் காரந்தின் 'சோமன துடி'. 1977இல் தமிழில் ஜான் ஆபிரகாமின் 'அக்கிரகாரத்தில் கழுதை'. 1980இல் கோவிந்த் நிஹலானியின் 'ஆக்ரோஷ்'.

இந்தப் படங்களில்தான் சாதி என்கிற சொல் இந்தியத் திரையில் கொஞ்சமாவது மூச்சுவிட்டது. பாட்டும் டூயட்டும் இல்லாமல் நிஜக் கிராமத்துக்குள் காமிரா போனது. அதற்காக அவர்களுக்கு ஒரு வணக்கம். வணக்கம் சொன்ன பிறகு கேள்வி கேட்கலாம் இல்லையா?

கேள்வியைக் கேட்டது நானில்லை. என் சித்தி. மாஞ்சோலையில் கொழுந்தெடுத்தே கை காய்த்துப் போனவள். பாளையங்கோட்டையில் நண்பன் ஒருவனின் மாடியறையில் மாதம் ஒருமுறை படம் போட்டுப் பார்ப்போம். பேங்கில் எட்டு மணிநேரம் அடுத்தவன் காசை எண்ணிவிட்டு வருகிறவனுக்கு அதுதான் மூச்சு. ஒருநாள் சித்தி வீட்டுக்கு வந்திருந்தபோது கூடவே கூட்டிக்கொண்டு போனேன். 'அங்குர்' ஓடியது. வசனம் புரியாத இடங்களில் நான் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கதை தெரிந்ததுதான். தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் லட்சுமி பண்ணையார் மகனிடம் வேலைக்கு இருக்கிறாள். அவள் புருஷன் கிஷ்டய்யா குயவன், காது கேளாது, வாய் பேசாது. கள் திருடினான் என்று அவனுக்கு மொட்டையடித்துக் கழுதையில் ஏற்றி அவமானப்படுத்துகிறார்கள். ஊரைவிட்டு ஓடிப்போகிறான். பண்ணையார் மகன் லட்சுமியைக் கர்ப்பமாக்குகிறான். திரும்பி வந்து வேலை கேட்கப் போகிற கிஷ்டய்யாவைப் பழிவாங்க வருகிறான் என்று பயந்து சாட்டையால் அடிக்கிறான். லட்சுமி சாபம் போட்டுக் கத்துகிறாள். எல்லோரும் போன பிறகு ஒரு சின்னப் பையன் பண்ணையார் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்துவிட்டு ஓடுகிறான். கண்ணாடி உடைகிறது. திரை சிவப்பாகிறது. படம் முடிந்தது.

நாங்கள் எல்லோரும் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தோம். சித்தி மட்டும் கேட்டாள்: "கல்ல எறிஞ்சிட்டான், சரி. மறுநா அந்தப் பயலுக்கு என்னாச்சு? அவங்கம்மைக்கு வேல உண்டுமா, இல்லியா? அதக் காணுமே?"

யாருக்கும் பதில் இல்லை. படியிறங்கும்போது இன்னொன்றும் சொன்னாள்: "அவன எதுக்குய்யா ஊமையா வச்சிருக்கானுவ? எங்க லயத்துல ஒருத்தியாவது ஊமையா இருந்திருக்காளா? நாங்க வாயத் தொறந்தா கங்காணி காதப் பொத்திக்கிட்டுல்லா போவாரு!"

*

வீட்டுக்கு வந்து அந்த வருஷத்துப் படங்களையெல்லாம் வரிசையாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது.

'அங்குர்' படத்தில் கிஷ்டய்யா ஊமை. 'அக்கிரகாரத்தில் கழுதை'யில் கழுதைக் குட்டியைப் பார்த்துக்கொள்கிற உமா ஊமை. 'ஆக்ரோஷ்' படத்தில் ஆதிவாசி லஹான்யா ஊமையில்லை. ஆனாலும் தன் மனைவியை நாசம் செய்து கொன்றவர்களின் பெயரைத் தன் வக்கீலிடம்கூடச் சொல்வதில்லை, படம் முழுக்க வாயே திறப்பதில்லை. கடைசியில் தங்கையை வெட்டிவிட்டு அலறுகிறான். ஓம் புரி அற்புதமாக அலறுகிறார். 'சோமன துடி'யில் சொந்தமாக ஒரு துண்டு நிலத்தை உழ ஆசைப்படுகிற சோமனுக்குப் பேச்சுக்குப் பதில் பறை. அதை அடித்துக்கொண்டே சாகிறான். 'சம்ஸ்காரா'வில் அக்கிரகாரமே ஒரு பிணத்தை யார் எரிப்பது என்று சாஸ்திரம் புரட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையில், இரவோடு இரவாக ஒரு முஸ்லிம் மீன் வியாபாரியின் உதவியோடு பிணத்தை எரித்துவிட்டுப் போகிறவள் சந்திரி என்கிற தாழ்ந்த சாதிப் பெண். ஊருக்கே முடியாத காரியத்தை முடித்துவிட்டு அவள் கதையை விட்டே காணாமல் போகிறாள். மிச்சக் கதை முழுக்க ஆச்சாரியாரின் மனசாட்சிப் புலம்பல்.

இது தற்செயலா? ஒரு படம் என்றால் தற்செயல். இத்தனை படம் என்றால் அது ஒரு பார்வை. அந்த இயக்குநர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் நேர்மையானவர்கள். நேர்மையாகவே அவர்களுக்கு நம்ம பேச்சு காதில் விழவில்லை. விழாத இடத்தில் மௌனத்தை வைத்தார்கள். அந்த மௌனத்துக்கு விமர்சகர்கள் 'கவித்துவம்' என்று பெயர் வைத்தார்கள். நானும் கவிதை எழுதுகிறவன்தான். அடிபட்டவனின் மௌனத்தைக் கவித்துவம் என்று நாலு கவிதையில் நானும் எழுதியிருக்கிறேன். சித்தி சொன்ன பிறகு அந்த நாலையும் எடுத்துப் படித்தேன், வெட்கமாக இருந்தது.

விதிவிலக்கு உண்டா என்றால் உண்டு. 1976இல் பெனகலே எடுத்த 'மந்தன்'. அதில் நஸீருதீன் ஷா நடித்த போலா என்கிற தலித் இளைஞன் பேசுகிறான், கோபப்படுகிறான், நகரத்திலிருந்து வந்த டாக்டரை நம்ப மறுக்கிறான். டாக்டர் ஊரைவிட்டுப் போன பிறகும் சங்கத்தை அவன்தான் பிடித்து நிறுத்துகிறான். பேங்கில் வேலை பார்க்கிறவனுக்குக் காசு யார் போட்டது என்று பார்க்கிற புத்தி வந்துவிடும். 'மந்தன்' படத்துக்குக் காசு போட்டது குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள், ஆளுக்கு இரண்டு ரூபாய். அரசாங்கக் கடனிலும் விளம்பரக் கம்பெனிப் பணத்திலும் எடுத்த படங்களில் ஊமையாக இருந்தவன், உழைக்கிறவன் காசு போட்ட படத்தில் வாய் திறக்கிறான். இதை விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசிக்க வேண்டிய கணக்கு.

தமிழ்நாட்டுக் கணக்கும் பார்க்கணும். 1977இல் '16 வயதினிலே' ஸ்டுடியோவை உடைத்து வெளியே வந்தது. 1978இல் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' ஒரு பெண்ணைத் தன் பேச்சைத் தானே பேசவிட்டது. வசனத்தில் நம்ம நெல்லைக்கார வண்ணநிலவனின் கையும் உண்டு. இரண்டும் பெரிய காரியம். ஆனால் பாரதிராஜா காட்டியது ஊரை. ஊர் வேறு, சேரி வேறு என்பது அம்பேத்கரைப் படிக்காதவனுக்கும் தெரியும், தண்ணி எடுக்கப் போனாலே தெரியும். அந்தப் பசுமையான கிராமங்களில் வயல் இருந்தது, வாய்க்கால் இருந்தது, நடவு நடுகிறவளின் தெரு மட்டும் ஃபிரேமுக்கு வெளியே இருந்தது.

வெண்மணி திரைக்கு வரப் பதினைந்து வருஷம் பிடித்தது. 1983இல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்'. அதற்கு அடிப்படையான 'குருதிப்புனல்' நாவல் கூலிப் போராட்டத்தைப் பண்ணையாரின் ஆண்மைக் குறைவோடு முடிச்சுப் போட்டது என்கிற விமர்சனம் அன்றைக்கே எழுந்தது. தப்பிப் பிழைத்தவர்களின் வாயால் வெண்மணியைக் கேட்க, பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் வரவேண்டியிருந்தது. அது 2005. முப்பத்தேழு வருஷம்! ஒரு ஊமைக்கு வாய் வர முப்பத்தேழு வருஷம் ஆகுமா? ஊமை இல்லை என்பதால்தான் இவ்வளவு நாள் ஆயிற்று. மைக்கை நீட்ட ஆளில்லை.

*

அதே காலத்தில் உலகத்தில் வேறு ஒரு வரிசையும் இருந்தது. நமக்குச் சொல்லித் தராத வரிசை.

1968இல் அர்ஜென்டினாவில் சொலானஸும் கெட்டினோவும் எடுத்த 'உலைகளின் நேரம்'. ராணுவ ஆட்சியில் தியேட்டரில் போட முடியாது. வீடுகளில், தொழிற்சங்க இடங்களில் ரகசியமாகப் போட்டார்கள். நடுவில் புரொஜெக்டரை நிறுத்திவிட்டு விவாதம். பார்க்கிறவன் பேசி முடித்தால்தான் படம் மேலே ஓடும்.

1971இல் கறுப்பர் மெல்வின் வான் பீபிள்ஸ், ஸ்டுடியோ தயவில்லாமல் எடுத்த 'ஸ்வீட் ஸ்வீட்பேக்'. முதலில் இரண்டே தியேட்டரில்தான் கிடைத்தது இடம். பிறகு வசூலைக் குவித்தது. கருஞ்சிறுத்தைகளின் தலைவர் ஹூயி நியூட்டன் அதைத் தோழர்கள் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அந்தக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் தோழர்களும் எடுத்துக்கொண்டு தலித் சிறுத்தைகளானார்கள். அந்தப் படத்தையும் கும்பிட வேண்டாம். பெண்களை அது நடத்துகிற விதம் கேவலம். விடுதலைக்காரன் எடுத்தாலும் கேவலம் கேவலம்தான்.

சார்ல்ஸ் பர்னெட் கல்லூரிப் படிப்புக்காக எடுத்த 'கில்லர் ஆஃப் ஷீப்' எனக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கம். லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பர்கள் வாழ்கிற வாட்ஸ் பகுதியில், வார இறுதிகளில், பத்தாயிரம் டாலருக்கும் குறைந்த செலவில், தெரிந்தவர்களையும் அக்கம்பக்கத்தவர்களையும் நடிக்க வைத்து எடுத்தார். ஆட்டுத்தொட்டியில் வேலை செய்கிறவன் வீடு, அவன் சோர்வு, தெருவில் கல்லெறிந்து விளையாடுகிற பிள்ளைகள். 1977இல் முடிந்த படம். பாடல் உரிமைக்குக் காசில்லாமல் 2007 வரை தியேட்டருக்கு வரவில்லை. அதில் யாரும் ஊமையில்லை, யாரும் தியாகியுமில்லை. மனுஷர்களாக இருக்கிறார்கள்.

நம்ம பக்கத்தில் ஜான் ஆபிரகாம் இதைப் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். கழுதைப் படம் எடுத்தவர், 1980களில் கேரளத்தில் ஒடேசா கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் படம் போட்டு, ஜனங்களிடம் காசு பிரித்து, 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார். அடுத்த வருஷம் செத்துப்போனார்.

*

இப்போது மலைக்கு வருவோம்.

1929இல் சிங்கம்பட்டி ஜமீன், மணிமுத்தாறுக்கு மேலே 8,373 ஏக்கர் காட்டை 99 வருஷக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. காட்டைத் திருத்தி, அட்டைக்கடியில் தேயிலை நட்டவர்கள் பெரும்பாலும் நம் ஜனங்கள். 1999இல் கூலி உயர்வு கேட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர்களை விடுதலை செய்யக் கேட்டு ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தது. போலீஸ் தடியடி. ஆற்றுக்குள் இறங்கி ஓடியவர்களையும் விரட்டி விரட்டி அடித்தார்கள். தாமிரபரணியில் 17 பேர் பிணமானார்கள். அதில் பெண்கள் உண்டு. நடக்கப் பழகிய ஒரு குழந்தையும் உண்டு. எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு.

1968க்கும் 1999க்கும் ஒரு வித்தியாசம், இங்கே காமிரா இருந்தது. பத்திரிகைக்காரர்களின் காமிரா. பிறகு நெல்லையின் காஞ்சனை திரைப்பட இயக்கத்து ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' ஆவணப்படம் எடுத்தார். விசாரணைக் கமிஷன் போலீஸ் பக்கம் நியாயம் பேசியது. படம் அடிபட்டவர்கள் பக்கம் நின்று பேசியது. எது சாட்சி, எது கதை என்று நமக்குத் தெரியும். மாற்று சினிமாவுக்கு நெல்லையில் ஒரு கருவறை வேண்டுமென்றால் அதை இந்தப் படத்துக்குக் கட்டலாம். வேண்டாம், கருவறையே வேண்டாம், தெருத்தெருவாகப் போட்டால் போதும்.

சித்தியின் முதல் கேள்விக்கு வருகிறேன். மறுநாள் என்னாச்சு? நாற்பது வருஷம் கழித்துத்தான் பதில் வர ஆரம்பித்தது. 2013இல் நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்ட்ரி'யில் பன்றி பிடிக்கிற வீட்டுப் பையன் ஜப்யா எறிகிற கல், பண்ணையார் ஜன்னலுக்குப் போகவில்லை. நேராக நம்மை நோக்கி வருகிறது, பார்க்கிறவனின் மண்டைக்கு. 2021இல் மாரி செல்வராஜின் 'கர்ண'னில் நிற்காமல் போகிற பஸ்ஸின்மேல் ஒரு சின்னப் பையன் கல்லெறிகிறான். பெனகல் அங்கே படத்தை முடித்திருப்பார். மாரி அங்கேதான் தொடங்குகிறார். கல்லுக்கு மறுநாள் போலீஸ் ஸ்டேஷன், ஊர்ப் பெரியவர்கள்மேல் அடி, ஊரே சூறை, சிறை. மறுநாளை வாழ்ந்தவன் எடுத்த படம் என்பது அதுதான். அதற்கு மூன்று வருஷம் முன்னால் 'பரியேறும் பெருமாள்', எதிரில் உட்கார்ந்திருக்கிற அப்பனிடம் தன் பேச்சைப் பேசி முடித்தது. ஊமை வேஷம் கலைந்தது.

அதற்காகச் சந்தோஷப்பட்டு உட்கார்ந்துவிட முடியுமா? தேயிலைக்காட்டைத் தமிழில் காட்டிய பெரிய படம் 2013இல் வந்த 'பரதேசி'. அதற்கு மூலமான பி.எச். டேனியலின் 'ரெட் டீ' நாவல் வந்தது 'ஈஸி ரைடர்' வந்த அதே 1969இல்! ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர் எழுதியது. படமோ ஒரு ஆணின் ஓலத்தில் முடிகிறது. மறுபடியும் ஓலம். சங்கம் வைத்த பெண்ணை, கங்காணியை வாயடைக்க வைத்த பெண்ணை இன்னும் எந்தத் திரையிலும் நான் பார்க்கவில்லை. நம்ம பையன்கள் எடுக்கிற படத்திலும் அம்மைகள் அழுகிறார்கள், சாகிறார்கள். பேசுகிறது குறைவு. இதையும் சொல்லியாக வேண்டும், நம்ம ஆள் என்று விட்டுவிடக் கூடாது.

*

தோழர்களே, இது ரசனைப் பிரச்சினை இல்லை. 2024 ஜூனில் தோட்ட வேலை நின்றது. விருப்ப ஓய்வு என்று பெயர். யாருடைய விருப்பம் என்பது வேறு கதை. குத்தகை 2028இல் முடிகிறது. நாலு தலைமுறை வாழ்ந்த லயங்களில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுகிறது. காடு திரும்ப வரட்டும், நல்லது. ஆனால் அங்கே மனுஷர்கள் இருந்தார்கள் என்பதற்கு என்ன மிஞ்சும்? கம்பெனியின் பதிவேடு மிஞ்சும். வனத்துறையின் கோப்பு மிஞ்சும். மஞ்சும் மேகமுமாக யூடியூபில் போடுகிற சுற்றுலா வீடியோ மிஞ்சும். மூன்றிலும் சித்தி ஊமை.

அதனால் மாணவர்களுக்கு எனக்குத் தெரிந்த வேலையைச் சொல்கிறேன். பழைய படங்களை எரிக்க வேண்டாம், ஒதுக்க வேண்டாம். போடுங்கள். கல்லூரி விடுதியில் மட்டும் போடாமல், மலையிலிருந்து இறங்கியவர்கள் இப்போது குடியிருக்கிற தெருக்களில் போடுங்கள். அர்ஜென்டினாக்காரன் மாதிரி நடுவில் நிறுத்துங்கள். கிஷ்டய்யா அடிவாங்குகிற இடத்தில் நிறுத்திவிட்டு, இவன் பேசினால் என்ன பேசுவான் என்று கேளுங்கள். அங்கே இருக்கிற கிழவிகள் சொல்வார்கள். அதைப் பதிவு பண்ணுங்கள். ஆளுக்கொரு போன் கையில் இருக்கிறது, பர்னெட்டிடம் இருந்ததைவிட வசதியான காமிரா. சொல்கிறவர் சம்மதத்தோடு, பெயர், ஊர், தேதி போட்டு, மூன்று இடத்தில் பிரதி வையுங்கள். படமாக்குவது பிறகு. முதலில் பேச்சு சாகாமல் இருக்கட்டும்.

நான் போன மாதம் ஆரம்பித்துவிட்டேன். சித்தியைத் திண்ணையில் உட்காரவைத்து, காலையில் மஸ்டருக்குப் போனதிலிருந்து சொல்லு என்றேன். ஐந்து நிமிஷம் பேசுவாள் என்று நினைத்தேன். போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. அவள் நிறுத்தவில்லை.